நெல்லுள் உறையும் மாசு: வினையும் தூய்மையும் பற்றி ஒரு சைவ விசாரணை

யாழ்ப்பாணத்துச் சைவரின் வாழ்வில் பிறப்பு முதல் இறப்பு வரை அரிசி தொடர்ந்து வருகிறது. குழந்தைக்கு முதன்முதல் ஊட்டப்படும் சோறு, தைப்பொங்கலன்று முற்றத்தில் ஞாயிறு நோக்கிப் படைக்கப்படும் பொங்கல், தைப்பூசத்தையொட்டிப் புது நெல்லை வீட்டுக்குக் கொணர்ந்து சமைத்துண்ணும் புதிர், கோயில் மடைப்பள்ளியில் ஆக்கப்படும் நைவேத்தியம், பிதிரர்க்கு இடும் பிண்டம், இறுதியாக உயிர் நீங்கிய உடலுக்கு இடும் வாய்க்கரிசி என ஒவ்வொரு நிலையிலும் அது மனிதரையும் முன்னோரையும் தெய்வத்தையும் இணைக்கும் பொருளாகக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு போற்றப்படும் தானியத்தின் உள்ளே, கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் எட்டாத அளவில், கட்மியம், ஆசனிக்கு, ஈயம் போன்ற நச்சு மூலகங்கள் மண்ணிலிருந்து ஏறியிருக்குமானால், சமய நோக்கில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. அத்தகைய அரிசி தூயது என்று சொல்லிப் படைக்கத் தக்கதா என்பது ஒன்று. அதை உண்டு நோயுறுபவரின் துன்பம் யாருடைய வினையின் பயன் என்பது மற்றொன்று. இரண்டும் தனித்தனி வினாக்களாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கும்போது முதல் வினாவுக்கான விடை இரண்டாவதன் விடையில் தங்கியிருப்பது புலப்படும்.

இவ்வினாக்கள் வெறும் கற்பனையில் பிறந்தவை அல்ல. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் மெதவாச்சி, பதவியா முதலிய விவசாயப் பிரதேசங்களில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவி வருவது அறியப்பட்டது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளும் அந்நோய்க்கு ஆளாயின. இலங்கைச் சுகாதார அமைச்சும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரில் கட்மியம் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வேறு ஆய்வாளர்கள் குடிநீரின் வன்மை, புளோரைட்டு, பீடைகொல்லிகள், கடும் வெயிலில் உழைப்பதால் நேரும் நீரிழப்பு ஆகியவற்றைச் சுட்டியுள்ளனர். காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடிவுறவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் பெரும்பாலும் மழையை நம்பிக் காலபோகத்தில் மட்டும் விளைவதால், குடாநாட்டார் உண்ணும் அரிசியின் பெரும் பங்கு வன்னியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது. ஆகவே குடாநாட்டு வயல்கள் நஞ்சேறியவை என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தாம் காணாத வயலின் மண்ணை நாள்தோறும் தம் உடலில் ஏற்றுக்கொள்ளும் ஒரு சமூகம், அந்த மண்ணோடு தனக்குள்ள உறவைத் தன் சமயத்தின் துணைகொண்டு எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முதலில், உலோகம் நெல்லுள் ஏறும் வழியை அறிதல் வேண்டும். ஏனெனில் பொருளின் இயல்பை அறியாமல் அதன்மேல் எழுப்பும் தத்துவம் நிலைபெறாது. நீர் நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்றுப் புகுவது அரிது. அங்குள்ள ஒட்சிசன் தீர்ந்ததும், நுண்ணுயிர்கள் இரும்பு ஒட்சைட்டுகளைத் தம் சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்க, அவற்றில் ஒட்டியிருந்த ஆசனிக்கு விடுபட்டு மண்ணீரில் கரைகிறது. நெற்பயிர் தன் தண்டையும் இலையையும் உமியையும் உறுதியாக்குவதற்கு மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சுகிறது. அந்தச் சிலிக்கா நுழையும் வாயில் வழியாகவே, வடிவில் அதை ஒத்த இந்த ஆசனிக்கும் வேருக்குள் நுழைந்துவிடுகிறது. கட்மியத்தின் போக்கு இதற்கு நேர் மாறானது. வயலில் நீர் நிற்கும்போது அது கந்தகத்தோடு கூடிக் கரையாத நிலையில் அடங்கிக் கிடக்கிறது. வயல் வடிந்து காற்றுப் புகுந்ததும் அக்கூட்டு உடைந்து கரைந்து, பயிருக்கு வேண்டிய மங்கனீசு செல்லும் பாதையினூடே உள்ளேறுகிறது. எனவே ஆசனிக்கைக் குறைப்பதற்கு வயலைக் காயவிட்டால் கட்மியம் கூடலாம். கட்மியத்தைக் குறைப்பதற்கு நீரைத் தேக்கினால் ஆசனிக்குக் கூடலாம். எந்த வயலில் எது மிகுந்துள்ளது என்பதை அறிந்தாலன்றி நன்மை செய்ய எண்ணி எடுக்கும் முயற்சியும் தீமையாய் முடியக்கூடும் என்பது இதன் பொருள்.

மண்ணுக்குள் இவை வரும் வழிகளும் பல. பாறையிலேயே இயற்கையாக அமைந்த பங்கு ஒன்று. வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க் கிணற்று நீரோடு மேலே வந்து வயலிலும் மக்கள் உடலிலும் சேர்ந்த ஆசனிக்கு அவ்வகையினது. மனிதர் சேர்த்த பங்கு மற்றொன்று; பொசுபேற்றுப் பாறையிலிருந்து செய்யப்படும் பசளையில் கட்மியம் கலந்திருப்பதும், சுரங்கக் கழிவு ஆற்றில் கலப்பதும், பூச்சிகொல்லியும் ஆலைக்கழிவும் மண்ணில் தங்குவதும், போர் நடந்த நிலத்தில் துப்பாக்கி ரவைகளின் ஈயம் புதைந்து கிடப்பதும் இவ்வகையின. உலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு, தீட்டிய அரிசியில் ஒரு கிலோகிராமுக்குக் கட்மியம் 0.4 மில்லிகிராமுக்கும், கனிம ஆசனிக்கு 0.2 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என வரையறுத்துள்ளது. இவை மிகச் சிறு அளவுகள் என்று தோன்றலாம். ஆயினும் சிறுநீரகத்தில் ஒருமுறை படிந்த கட்மியம் பாதியாகக் குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை செல்லும் என்பதால், நாள்தோறும் உண்ணப்படும் உணவில் சிறிய அளவும் வாழ்நாள் முழுவதும் திரண்டுகொண்டே போகிறது. கறியும் பழமும் பாலும் வாங்க வசதியின்றி மூன்று வேளையும் சோற்றையும் கஞ்சியையும் நம்பியிருக்கும் உழைப்பாளியின் உடலிலேயே அது மிகுதியாகத் திரளும் என்பதையும் இங்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்த உண்மையை முதன்முதலில் உலகுக்கு உணர்த்தியது ஜப்பானின் தொயாமா மாகாணமாகும். கமியோக்கா சுரங்கத்திலிருந்து சின்சூ ஆற்றில் கலந்த கட்மியம் ஆற்றுநீர் பாய்ந்த நெல்வயல்களில் படிந்தது. அவ்வரிசியை உண்டும் அந்நீரைப் பருகியும் வாழ்ந்தவர்களில், சிறப்பாகப் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களின் எலும்புகள் மென்மையாகி, இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் முறியும் நிலையை அடைந்தன. நோவு தாங்காமல் அவர்கள் எழுப்பிய ஓலமே இத்தாய்-இத்தாய் என்று அந்நோய்க்குப் பெயராயிற்று. நோயின் மூலம் அறியப்படாதிருந்த காலத்தில் அதை முன்வினையால் வந்த நோய் என்று கருதி அக்குடும்பங்களை ஒதுக்கியவர்களும் இருந்தனர். 1968இல் ஜப்பானிய அரசு அதைச் சூழல் மாசினால் வந்த நோய் என ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர், மாசுபட்ட வயல்களின் மண்ணை அகற்றியும் மாற்றியும் சீராக்கும் பணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டு 2012இலேயே நிறைவெய்தியது. வினை என்று சொல்லி ஒதுக்கப்பட்ட அந்தப் பெண்களின் துன்பத்துக்கு ஆற்றின் மேற்பகுதியில் செயற்பட்ட கைகளே காரணமாயிருந்தன என்னும் செய்தி, வினைக்கொள்கையை ஏற்றுக்கொண்ட எந்தச் சமயத்தவரும் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ளத் தூண்டுவதாகும்.

சைவ சித்தாந்தம் வினைக்கொள்கையை உறுதியாக ஏற்கும் தரிசனம். முற்பிறவிகளில் ஈட்டித் தொகையாய்க் கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர்வதற்கென வகுக்கப்பட்டது பிராரத்தம், அதை நுகரும்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம் என வினையை அது மூவகைப்படுத்துகிறது. இந்த வகைப்பாட்டை அரைகுறையாகக் கற்றவர், நோயுற்றவரை நோக்கி, அது உன் பிராரத்தம் என்று கூறி விசாரணையை முடித்துவிடுவதுண்டு. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தை முதனூலாகக் கொண்ட மரபு, அம்முடிவுக்கு இடந்தருவதில்லை. வினை அறிவற்ற சடப்பொருள். அது தானாகவே தன்னைச் செய்தவனைத் தேடிச் சென்று பொருந்தாது. வினைமுதலையும் வினைப்பயனையும் அறிந்து கூட்டுவிக்கும் பேரறிவு ஒன்று வேண்டும். அதுவே இறைவன் என்பது சித்தாந்தத்தின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. மண்ணிலுள்ள கட்மியமும் சடமே. அதுவும் செய்தவனைத் தேடுவதில்லை. கரையும் இடத்தில் கரைந்து, வேர் உறிஞ்சினால் ஏறி, உண்பவர் யாராயினும் அவரது சிறுநீரகத்தில் தங்குகிறது. உலோகத்தின் இப்போக்கு பூதங்களின் இயல்பு. வினைப்பயனைக் கூட்டும் முறை இறைவனின் நீதி. முன்னதைப் பின்னதாகக் காட்டுபவர், ஓர் ஆலைக்காரனின் அலட்சியத்தை இறைவனின் தீர்ப்பாக ஆக்கிவிடுகிறார். இது சித்தாந்தத்துக்குச் செய்யும் பெரிய அபசாரம்.

நோயாளியின் துன்பம் ஒருவகையில் அவரது பிராரத்தத்தோடு தொடர்புடையது என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், அதனால் நஞ்சைச் சேர்த்தவனின் செயல் இம்மியளவும் குறைவதில்லை. அது அவனது ஆகாமியமாகி முழுமையாக அவனையே சேர்கிறது. கொலையுண்டவனின் ஊழ் கொலைகாரனை விடுவிப்பதில்லை என்று எந்த நீதிநூலும் ஏற்பதைப் போல, இதையும் ஏற்றே ஆக வேண்டும். இலங்கையின் மற்றொரு பெருஞ்சமயமான பௌத்தத்தின் நூல்களும் இவ்விடத்தில் துணைநிற்கின்றன. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகனுக்குப் புத்தர் அளித்த விடையில், மனிதர் நுகரும் வேதனைகள் அனைத்தும் முன்வினையால் வந்தவை என்னும் கூற்று மறுக்கப்படுகிறது. பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாற்றம், பிறர் செய்யும் தாக்குதல் முதலியனவும் தனித்தனிக் காரணங்களாக எண்ணப்பட்டு, வினை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைக்கப்படுகிறது. ஆகவே வடமத்திய மாகாணத்துப் பௌத்தக் கமக்காரனும் யாழ்ப்பாணத்துச் சைவக் கமக்காரனும், தம் நோய்க்குத் தம் முன்வினையையே காரணமாக்கி வாய்மூடியிருக்க வேண்டும் என்று அவர்களது சமயங்கள் கோரவில்லை.

அவ்வாறாயின் வினை யாருடையது என்னும் வினாவுக்கு நேரான விடை வேண்டும். மண்ணில் உலோகம் சேர்வது ஒருவரின் ஒரு செயலால் நிகழ்வதன்று. மலிவான பசளையை இறக்குமதி செய்த வணிகர், அதன் தரத்தைச் சோதிக்கத் தவறிய அலுவலர், 1962 முதல் மானியம் தந்து பசளைப் பயன்பாட்டை வளர்த்த அரசு, விளைச்சல் குறையுமோ என்ற அச்சத்தில் அளவுக்கு மேல் இட்ட கமக்காரர், எப்படி விளைந்தது என்று கேளாமல் விலை குறைந்த அரிசியையே நாடிய நுகர்வோர் எனப் பலர் அதில் பங்கு கொள்கின்றனர். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் கொல்பவனோடு நின்றுவிடாமல் ஊனை விலைக்கு வாங்குபவனையும் அச்செயலின் பொறுப்பாளியாக்குகிறது. செய்பவன், செய்விப்பவன், உடன்படுபவன் ஆகிய மூவருக்கும் வினை உண்டு என்பது தமிழ் அறமரபுக்குப் பழக்கமான கொள்கை. ஆயினும் எல்லோரும் பங்காளிகள் என்பதால் எல்லோருடைய பங்கும் சமம் என்று கொள்ளுதல் தவறு. அவ்வாறு கொண்டால் எவரும் எதற்கும் விடைகூற வேண்டியிராது. பங்கை அளப்பதற்கு மூன்று அளவுகோல்கள் பொருந்தும். தீங்கு விளையும் என்பதை ஒருவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது ஒன்று; அதைத் தடுக்கும் ஆற்றல் அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது இரண்டாவது; அதனால் அவர் பெற்ற ஆதாயம் எவ்வளவு என்பது மூன்றாவது. அறிவும் ஆற்றலும் ஆதாயமும் ஒருங்கே மிகுந்தவரிடம் வினையின் பாரம் மிகுதியாகவும், கடன்பட்டு இரண்டு பரப்பு வயலில் பசளை இட்ட கமக்காரரிடம் அது குறைவாகவும் இருக்கும். நோயை மட்டும் பெற்று மூன்றில் ஒன்றையும் பெறாத குழந்தையிடம் அது அறவே இல்லை.

இனித் தூய்மை பற்றிய வினா. சாந்தோக்கிய உபநிடதம் உணவின் தூய்மையை உள்ளத்தின் தூய்மைக்கு அடிப்படையாக வைக்கிறது. அவ்விடத்து உணவு என்பதற்குச் சங்கரர் புலன்கள் வழி உள்ளே வரும் அனைத்தும் என்று பொருள்கொள்ள, இராமானுசர் உண்ணும் உணவு என்றே கொண்டு அதற்கு மூவகைக் குற்றங்களைக் கூறினார்: பொருளின் இயல்பினால் வரும் சாதி தோடம், அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் ஆசிரய தோடம், தூசி, மயிர் முதலியன விழுவதால் வரும் நிமித்த தோடம். 1897 சனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்துக் கல்லூரியில் உரையாற்றிய விவேகானந்தர், தமது பக்தியோகத்தில் இம்மூன்றையும் விளக்கியதோடு, சமயம் முழுவதையும் அடுக்களைக்குள்ளும் தீண்டாமைக்குள்ளும் அடைத்துவிட்ட போக்கைக் கடுமையாகக் கண்டித்தவரும் ஆவார். உலோகமேறிய அரிசியை இம்மூன்று குற்றங்களுள் எதில் அடக்குவது? அரிசியின் இயல்பு தூயது, ஆகவே முதற்குற்றமில்லை. யாழ்ப்பாணத்து இல்லத்தரசி அரிசியைச் சுளகில் புடைத்து, கல்லும் நெல்லும் பொறுக்கி, அரிக்கஞ்சட்டியின் உட்புறக் கோடுகளில் மணல் தங்கும்படி நீர்விட்டு அரித்தெடுக்கும்போது நிமித்த தோடம் நீங்கிவிடுகிறது. கட்மியமோ எத்தனை முறை அரித்தாலும் நீங்குவதில்லை. தருபவரால் வரும் குற்றம் என்னும் இரண்டாவது வகையே இங்கு எஞ்சுகிறது. அதைக் கொடுப்பவரின் சாதியாகவும் கையாகவும் சுருக்கிக்கொண்டது பிற்கால வழக்கம். உண்மையில் சோற்றைத் தருபவருள் முதன்மையானது நிலமே என்பதால், நிலத்துக்கு நேர்ந்த குற்றம் சோற்றின் குற்றமாகிறது என்று கொள்வதே பொருத்தமானது.

இந்த இடத்தில் யாழ்ப்பாணச் சமூகம் தன் தூய்மைக் கோட்பாட்டின் வரலாற்றை நேர்நின்று நோக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் இச்சமூகத்தின் ஆசாரம் மனிதரின் கையைச் சுற்றியே எல்லை வகுத்தது. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் கோயிலின் எந்த எல்லை வரை வரலாம் என்பனவே தூய்மையின் விதிகளாயின. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. வேலியிட்டுக் காக்கப்பட்ட அக்கிணறுகள் அனைத்துக்கும் அடியில் இருந்ததோ வேலி அறியாத நீர். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. மாரிமழை அதனூடே கசிந்து, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதிலிருந்தே உயர்ந்தோர் எனப்பட்டவரின் கிணறும் தாழ்ந்தோர் எனப்பட்டவரின் கிணறும் ஊறின. தோட்டங்களில் இடப்பட்ட யூரியாவின் நைத்திரேற்று அந்த நீரில் இறங்கி, வலிகாமத்தின் பல கிணறுகளில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்தது. மனிதக் கை தீட்டாகுமென்று அஞ்சிய ஆசாரம், மண்ணுக்குள் இறங்கிய இந்தத் தீட்டைக் காணவில்லை. காண்பதற்கான விதி எதுவும் அதனிடம் இருக்கவில்லை.

சுன்னாகத்தில் நடந்தது இதை மேலும் வெளிப்படையாக்கியது. அங்கு அனல் மின்னுற்பத்தி நிலையங்களைச் சூழ்ந்த பகுதிகளில் கிணற்று நீரில் கழிவு ஒயில் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் மக்கள் எதிர்ப்பாக எழுந்தது. தலைமுறைகளாகத் தம் வளவுக் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள், தாங்கி வண்டியில் வரும் நீருக்காகக் காத்திருக்க வேண்டியவரானார்கள். 2019 ஏப்ரலில் இலங்கையின் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டைக் கைக்கொண்டு, அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. செய்தவனை வினை சேர வேண்டும் என்னும் கொள்கைக்கு உலகியலில் கிடைத்த ஒரு வடிவமாக அத்தீர்ப்பைக் காணலாம். இறைவன் வினைப்பயனைக் கூட்டுவிப்பான் என்று நம்புவோர், நீதிமன்றமும் சட்டமும் ஆய்வுகூடமும் அந்தக் கூட்டுவிப்பின் கருவிகளாகக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

சித்தாந்தம் உயிருக்கும் மலத்துக்கும் உள்ள உறவை விளக்க நெல்லையே எடுத்தாள்வது இங்குக் கருதத் தக்கது. நெல்லுக்கு உமியும் தவிடும் முளையும் போல உயிருக்கு ஆணவமும் மாயையும் கன்மமும் அமைந்துள்ளன என்பது அம்மரபு பெரிதும் போற்றும் உவமை. உமி இடையில் வந்து சேர்ந்ததன்று, நெல்லோடு தோன்றியது; குத்தும்போது அரிசியை விட்டு நீங்குவது. இந்த உவமை ஒரு நம்பிக்கையை அளிக்கிறது: மேலுள்ளதை நீக்கினால் உள்ளே இருப்பது வெண்மையானது. உலோகமேறிய நெல்லில் அந்த நம்பிக்கை தளர்கிறது. ஆசனிக்கு தவிட்டுப் பகுதியில் மிகுதியாகத் தங்குவதால் தீட்டும்போது ஒரு பங்கு நீங்கும். ஆனால் சத்தும் தவிட்டோடு போய்விடும். கட்மியமோ மணியின் உள்ளீடு முழுவதும் பரவியிருப்பதால் தீட்டினாலும் பெரிதும் குறைவதில்லை. உமியை உருவாக்கத் தேவைப்பட்ட சிலிக்காவின் வாயிலே ஆசனிக்குக்கும் வாயிலாகிறது என்பதை நினைத்தால், காப்பாக அமைந்ததே மாசின் வழியாவதும் தெரிகிறது. நெல்லை ஊறவைத்து அவித்துப் பாயில் உலர்த்திக் குத்தும் யாழ்ப்பாணப் புழுங்கல் முறையாலும் இக்குற்றம் தீராது. தூய நீரை மிகுதியாக விட்டு அரிசியை வேகவைத்து வடித்தால் ஆசனிக்கின் கணிசமான பங்கு நீங்குமெனினும், அது போய்ச் சேரும் இடம் வடித்த கஞ்சியே. அக்கஞ்சியைக் குடிப்பவருக்கோ மாட்டுக்கோ அது மாற்றப்படுகிறது. ஆகவே குற்றம் விளைந்தபின் அடுக்களையில் செய்யும் நீக்கம் முழுமையான நீக்கமாகாது. மண்ணில் சேருமுன் தடுப்பதே நீக்கமாகும். உயிரோடு உடன்தோன்றிய ஆணவத்தை நீக்குவது திருவருளின் செயல். மனிதக் கை கொண்டுவந்து சேர்த்த மாசை நீக்குவதோ, சேர்க்காமல் விடுவதோ மனிதக் கையின் கடமை. அதையும் அருளின் பொறுப்பில் விட்டுவிடுவது பக்தியாகாது.

கடமையை ஏற்பதற்கு முன் அறிதல் வேண்டும். சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை ஏற்கிறது. காண்டல் புலன்களால் அறிவது. கருதல் ஏதுவைக் கொண்டு அனுமானிப்பது. உரை ஆகமமும் அருளாளர் வாக்கும். ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய அளவையால் அறிய வேண்டும் என்பது அளவையியலின் முதல் ஒழுங்கு. 2011இல், இலங்கை அரிசியிலும் நீரிலும் ஆசனிக்கு உண்டெனவும் அதுவே சிறுநீரக நோயின் காரணமெனவும் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு அறிவித்தபோது, அச்செய்தி தெய்வத்தால் உணர்த்தப்பட்டது என்று அக்குழுவின் முன்னோடிகளுள் ஒருவர் வெளிப்படையாகக் கூறினார். இறைவனும் உயிரும் பாசமும் புலனுக்கு எட்டாதவை. அவற்றைப் பற்றிப் பேசவே உரை என்னும் அளவை வேண்டும். ஒரு கிலோகிராம் அரிசியில் எத்தனை மில்லிகிராம் ஆசனிக்கு உள்ளது என்பது கருவியால் அளந்து அறியத் தக்கது. அதற்குத் தெய்வ வாக்கைச் சான்றாக்குவது அளவையைக் குழப்புவதோடு, நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய உண்மையின் நம்பகத்தையும் குலைக்கிறது. அவ்வாறே, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக அரசு தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அதைக் கைவிட்ட அனுபவமும், ஆணையால் மட்டும் மண் தூயதாகாது என்பதைக் காட்டிற்று. ஏற்கெனவே மண்ணில் தங்கிய கட்மியம் தடையால் வெளியேறுவதில்லை. சேதனப் பசளையிலும் உலோகம் கலந்திருக்கக் கூடும். அளவை இல்லாத பக்தியும் அளவை இல்லாத ஆட்சியும் நிலத்துக்கு ஒரே தீங்கையே செய்கின்றன.

செய்ய வேண்டியதற்கான இலக்கணம் சைவத்தினுள்ளேயே இருக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதான சரியை, உடலால் செய்யும் தொண்டு. அந்நெறிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் திருநாவுக்கரசரின் கையில் இருப்பது உழவாரப்படை. கோயில் வீதியில் புல்லையும் முள்ளையும் செதுக்கி நிலத்தைத் துப்புரவாக்கும் கருவி. நிலத்தைத் துப்புரவாக்குவது தொண்டு என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஏற்றுக்கொண்ட சமயத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் புல்லோடு நின்றுவிட வேண்டிய தேவையில்லை. 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசியாற்றியதைச் சிவதருமமாகவே கருதினார். அன்றைய தருமம் சோறு கிடைக்கச் செய்வது. இன்றைய தருமத்தில் கிடைக்கும் சோறு நஞ்சற்றதாயிருக்கச் செய்வதும் அடங்கும்.

யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றுக்குச் சொந்தமாக வயல்கள் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்காகத் தென்மராட்சியிலுள்ள கோயில் வயலில் புதிர் அறுத்து, அந்நெற்கதிர்களைச் சிறப்போடு கொணரும் வழக்கம் இன்றும் நிகழ்கிறது. புதிர் அறுக்குமுன் நாள் பார்ப்பதும் வயலில் வழிபடுவதும் ஆசாரத்தின் பகுதிகள். அவற்றோடு, கோயில் வயல்களின் மண்ணையும் நெல்லையும் பாசனக் கிணற்று நீரையும் ஆண்டுதோறும் ஆய்வுகூடத்தில் சோதித்து, அதன் பெறுபேற்றைக் கோயில் வாயிலில் எல்லோரும் வாசிக்க எழுதிவைப்பதும் ஆசாரமாக வேண்டும். எந்த வயலில் கட்மியம் மிகுதி, எதில் ஆசனிக்கு மிகுதி என்று தெரிந்தால், அயலிலுள்ள கமக்காரரும் நீரைத் தேக்குவதையும் வடிப்பதையும் பசளையைத் தேர்வதையும் அறிவோடு செய்யலாம். சுண்ணாம்பு மிகுந்த குடாநாட்டு மண் கட்மியத்தைப் பயிருக்கு எளிதில் விட்டுக்கொடுக்காத இயல்புடையது. அந்த இயற்கைக் கொடையும் ஆசனிக்கைப் பொறுத்தவரை அவ்வாறு உதவாது என்பதால், சோதனையைத் தவிர்க்க அது காரணமாகாது. சோதனையில் குற்றம் கண்டால் அந்த நெல்லைப் படைக்காமல் விடுவதும், குற்றத்துக்குக் காரணமானவரிடம் சட்டத்தின் வழி இழப்பீடு கேட்பதும், நோயுற்ற குடும்பங்களைப் பேணுவதும் அதே ஆசாரத்தின் தொடர்ச்சியாகும்.

படைக்கப்படும் சோறு தூயதா என்னும் முதல் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இறைவனுக்கு நஞ்சு தீங்கு செய்யாது. ஆலகாலத்தை உண்டு அமரரைக் காத்தவன் என்றே அவனைச் சைவர் வழிபடுகின்றனர். ஆனால் படையல் அவன்முன் வைக்கப்பட்டபின் அடியவருக்கே திரும்புகிறது; அதை உண்பவர் குழந்தையும் கர்ப்பிணியும் முதியவரும் நோயாளியும் ஆவர். அவர்களில் ஒருவருக்கேனும் கேடு விளைக்கும் என்று அறிந்தும், அல்லது அறியக்கூடியதை அறிய முயலாமலும் படைக்கப்படும் சோறு, எத்தனை முறை கழுவப்பட்டாலும், எந்தக் கையால் ஆக்கப்பட்டாலும் தூயதாகாது. அது விளைந்த நிலத்தின் நலத்தைக் கேட்டறிந்து, கேட்டதற்கேற்ப நடந்து, ஊரில் எவரும் ஒதுக்கப்படாமல் பகிர்ந்துண்ணப்படும் சோறு எளிய கஞ்சியாயினும் தூயது. தூய்மையை மனிதரின் தொடுகையிலிருந்து மண்ணின் பராமரிப்புக்கு மாற்றுவது புதிய சமயமொன்றை உண்டாக்குவதன்று. வினைக்குப் பொறுப்பேற்றலும் தொண்டும் அளவையும் ஒன்றோடொன்று கூடிய பழைய நெறியை, இன்றைய வயலில் நின்று கைக்கொள்வதாகும்.